மலையின் மறுபாதி

உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் பக்கம் கலியானா என்றொரு சிற்றூர். அதற்குத் தெற்கே ஏறத்தாழ 600 கி.மீ. தள்ளி, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் கலியான்பூர். 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போன பெரும் நில அளவைக்கு இந்த இரண்டும் முக்கிய நிலையங்கள். இரண்டுக்கும் இடையிலான அட்சரேகை வித்தியாசத்தை அளவையாளர்கள் இரண்டு வழிகளில் கணக்கிட்டார்கள். தரையில் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய் ஒரு விடை. நட்சத்திரங்களைப் பார்த்து இன்னொரு விடை. இரண்டும் ஒத்துப்போகவில்லை. 5.236 விநாடி இடித்தது. இது கோணத்தின் விநாடி. ஒரு பாகையை 3,600 கூறு போட்டால் அதில் ஒரு கூறு. 5.236 விநாடி என்றால் தரையில் சுமார் 160 மீட்டர்.

அவ்வளவு தூரத்தில் 160 மீட்டர் ஒரு பிசகா என்று தோன்றலாம். ஆனால் இந்த அளவை தொடங்கிய விதத்தைப் பார்க்க வேண்டும். 1802 ஏப்ரலில் சென்னை பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். அந்த ஒற்றைக் கோட்டுக்கே வாரக்கணக்கில் ஆனது. வெயிலில் சங்கிலி எவ்வளவு நீளும் என்பதைக்கூடக் கணக்கில் சேர்த்தவர்கள் அவர்கள். லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் இந்த வித்தியாசத்தை அளவையில் நேர்ந்த பிழையாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் பிழை அளவையில் இல்லை. தூக்குக்குண்டில் இருந்தது.

நட்சத்திரத்தைப் பார்த்து அட்சரேகை சொல்ல வேண்டுமானால், நேர் மேலே எது என்று முதலில் தெரிய வேண்டும். அதைச் சொல்வது தூக்குக்குண்டு. கலியானாவுக்கு வடக்கே இமயமலை நிற்கிறது. அத்தனை பெரிய பாறைத் திரள் தூக்குக்குண்டைத் தன் பக்கம் சற்றே இழுக்கும். தொலைவில் உள்ள கலியான்பூரில் அந்த இழுப்பு குறைவு. கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் என்ற திருச்சபைப் பதவியில் இருந்த ஜான் ஹென்றி பிராட் கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்றவர். இமயமலையையும் திபெத் பீடபூமியையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் குண்டை எவ்வளவு இழுக்கும் என்று அவர் கூட்டிப் பார்த்தார். இரண்டு ஊர்களுக்கும் இடையே 15.885 விநாடி வித்தியாசம் வர வேண்டும் என்றது அவர் கணக்கு. வந்ததோ 5.236. மலை தன் பருமனுக்கு இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கிறது!

1855-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் பிராட்டின் கட்டுரை ஏறத்தாழ ஐம்பது பக்கங்களில் வெளியானது. அதை ஒட்டியே நான்கு பக்கங்களில் இன்னொரு கட்டுரை. எழுதியவர் பிரிட்டனின் அரச வானியலாளர் ஜார்ஜ் பிடல் ஏரி. நீரில் மிதக்கும் மரக்கட்டைகளில் எது மேலே அதிகம் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அதுவே கீழேயும் அதிகம் அமிழ்ந்திருக்கும் என்பதை ஏரி சுட்டிக்காட்டினார். மலையும் அப்படித்தான். மேலே தெரியும் உயரத்துக்குப் பல மடங்கு ஆழத்தில், சுற்றியுள்ள அடர்ந்த பாறையைவிட எடை குறைந்த பாறை வேராக இறங்கியிருக்கிறது. மேலே கூடியிருக்கும் பொருளின் இழுப்பைக் கீழே உள்ள பற்றாக்குறை பெரும்பாலும் ஈடுகட்டிவிடுகிறது. நூறாண்டுக்கு முன்பே ஆண்டிஸ் மலையில் பியர் பூகேர் இதே போன்ற குறைவான இழுப்பைக் கவனித்திருந்தார். ஆனால் அதற்கு மலையின் அடியில் காரணம் தேடி, வடிவம் கொடுத்தவர் ஏரி. தூக்குக்குண்டு அரை மயிரிழை சாய்ந்ததிலிருந்து மலையின் வேரைக் கண்டுகொண்ட இந்த நான்கு பக்கங்களை, புவி இயற்பியலில் எழுதப்பட்ட மிகச் சிறந்த பக்கங்களில் வைக்க வேண்டும்.

வேர் இருக்கிறது, சரி. எவ்வளவு ஆழம்? எப்படிப்பட்ட வடிவம்? தோண்டிப் பார்க்கலாம் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. மனிதர் துளைத்த துளைகளிலேயே ஆழமானது ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் இருக்கிறது. 1970-ல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு துளைத்தும் 12,262 மீட்டரைத் தாண்ட முடியவில்லை. அந்த ஆழத்தில் வெப்பம் 180 பாகை செல்சியஸ். பாறை இளகித் துளை மூடிக்கொள்ளத் தொடங்கியது. இமயமலையின் அடியை எட்ட அதைப்போல ஆறு மடங்கு போக வேண்டும்.

ஆகவே, போய்வரும் வேலையை அலைகளிடம் விட்டார்கள். 1909 அக்டோபர் 8 அன்று குரோஷியாவின் குபா பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. சாக்ரெப் நகரின் ஆந்த்ரியா மொஹொரோவிச்சிச் பல ஊர்களின் பதிவுகளை வாங்கி அடுக்கிப் பார்த்தார். ஒரே நடுக்கத்திலிருந்து ஒரே வகை அலை இரண்டு முறை வந்து சேர்ந்திருந்தது. ஒன்று மேலோட்டின் வழியாகவே வந்தது. மற்றது கீழே இறங்கி, வேகம் கூடிய வேறொரு பாறையில் ஓடி மேலே ஏறி வந்தது. மேலோட்டுக்கும் அதன் கீழுள்ள கவசத்துக்கும் இடையிலான அந்த எல்லைக்கு இன்று மோஹோ என்று பெயர். உலகின் எந்த மலைக்கு அடியில் ஆய்வு நடந்தாலும் முதல் கேள்வி, மோஹோ எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான்.

இதற்கு இன்று அதிகம் கையாளப்படும் முறைக்கு வெடியும் வேண்டாம், பெரிய இயந்திரமும் வேண்டாம். பொறுமை வேண்டும். ஜப்பானிலோ இந்தோனேசியாவிலோ பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டால், அதன் வேகமான பி அலை பூமியின் உள்ளே வளைந்து வந்து இமயமலையின் அடியிலிருந்து ஏறக்குறையச் செங்குத்தாக மேலேறுகிறது. மோஹோவைக் கடக்கும்போது அதில் ஒரு பகுதி எஸ் அலையாக மாறிவிடுகிறது. எஸ் அலை மெதுவாகச் செல்வது. அதனால் மேலே உள்ள கருவியை முதலில் பி தட்டும். சில விநாடி கழித்து, மாறிய எஸ் தட்டும். மேலோடு 40 கி.மீ. தடிமன் என்றால் இந்தத் தாமதம் 5 விநாடிக்குச் சற்றுக் குறைவு, 75 கி.மீ. என்றால் ஏறத்தாழ 9 விநாடி. ஒரு நிலநடுக்கத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஓராண்டு, ஈராண்டு கருவியை வைத்துவிட்டு, உலகெங்கும் நடந்த நூற்றுக்கணக்கான நடுக்கங்களைச் சேர்த்தால் சத்தம் அடங்கி எல்லை துலங்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களோடு சேர்ந்து டெல்லியிலிருந்து லடாக்கின் காரகோரம் பிளவு வரை ஏறத்தாழ 700 கி.மீ. நீளத்துக்கு 17 கருவிகளை வரிசையாக வைத்தார்கள். 2006-ல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. டெல்லிக்கு அடியில் மோஹோ சுமார் 40 கி.மீ. ஆழம். வடக்கே போகப் போகச் சீராக இறங்கி, காரகோரம் பிளவுக்கு அடியில் சுமார் 75 கி.மீ. பிரெஞ்சு ஆய்வாளர்கள் வேறொரு வரிசையில் மேற்குத் திபெத்துக்கு அடியில் 90 கி.மீ. வரை கண்டிருக்கிறார்கள். கண்டங்களின் மேலோடு சராசரியாக 35 முதல் 40 கி.மீ. தடிமன் உடையது. இங்கே அதைப்போல இரண்டு மடங்கு.

இந்தத் தடிமனுக்குக் காரணம் இந்தியாதான். ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவின் மேல் மோதிய இந்தியத் தட்டு இன்னும் நிற்கவில்லை. முட்டுகிறது, அடியில் நுழைகிறது. 2002 முதல் 2005 வரை நேபாளத்திலிருந்து திபெத்தின் நடுப்பகுதி வரை 800 கி.மீ. நீளத்துக்கு இருநூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருவிகள் வைத்து ஹை-கிளைம்ப் என்ற ஆய்வு நடந்தது. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் நாபெலெக் குழு 2009-ல் அதன் முடிவை வெளியிட்டது. இந்தியாவின் கீழ் மேலோடு இமயமலைக்கு அடியில் நுழைந்து, யார்லுங் சாங்போ ஆற்றையும் கடந்து, 31 பாகை வட அட்சரேகை வரை திபெத்தின் வயிற்றுக்கு அடியில் ஏறக்குறையப் படுத்தாற்போலக் கிடக்கிறது. திபெத்தில் யாக் மேயும் புல்வெளிக்கு 60, 70 கி.மீ. கீழே இருப்பது இந்தியா.

கருவி வைப்பது பார்க்க எளிய வேலை. குழி வெட்டி, அடியில் சிறு சிமென்ட் மேடை போட்டு, அது இறுகியதும் நிலநடுக்கமானியை அதன் மேல் வைக்கிறார்கள். திசைகாட்டி பார்த்து வடக்கே திருப்பி, மட்டக் குமிழி நடுவில் நிற்கும்வரை திருகாணிகளைத் திருகுகிறார்கள். பகல்-இரவு வெப்ப மாற்றம் தாக்காமல் சுற்றிலும் காப்புப் பொதிந்து, மூடி, மண் போடுகிறார்கள். வெளியே தெரிவது ஒரு சூரியத் தகடும் ஜிபிஎஸ் ஆன்டெனாவும் மட்டும். நேரம் ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குத் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் ஜிபிஎஸ் அவசியம். பனி மூடும் கணவாய்களிலும் மண் சரியும் பாதைகளிலும் இதை மறுபடி மறுபடி போய்ப் பார்த்து, பதிவுகளை எடுத்து, பேட்டரி மாற்றிவர வேண்டும். இமயமலையின் வரைபடத்தில் ஒரு புள்ளி என்பது இந்த உழைப்பின் விலை.

வரும் அலைக்குக் காத்திருக்காமல் தானே அலை உண்டாக்கும் முறையும் உண்டு. எண்ணெய் தேடும் நிறுவனங்களின் கைவந்த கலை அது. துளையில் டைனமைட் வெடித்து, தரையில் வரிசையாக ஊன்றிய ஜியோபோன்களில் எதிரொலியைக் கேட்பார்கள். எண்ணெய்க்குச் சில விநாடி கேட்டால் போதும். மோஹோவுக்கு அது போதாது, 75 கி.மீ. போய்த் திரும்ப அலைக்கு 24 விநாடி ஆகும். 1992-ல் சீன, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து இமயமலையின் முகட்டுக்கு வடக்கே, திபெத்தின் தெற்கு ஓரத்தில் இன்டெப்த் என்ற ஆய்வைத் தொடங்கியபோது அவ்வளவு ஆழத்திலிருந்து எதிரொலி கேட்குமா என்பதே கேள்வியாக இருந்தது. கேட்டது. மோஹோ 75 கி.மீ. ஆழத்தில் பதிலளித்தது.

அதைவிடப் பெரிய பேறு நடுவில் இருந்தது. சுமார் 30 கி.மீ. ஆழத்தில் தொடங்கி வடக்கே மெல்லச் சரிந்து போகும் ஒரு தெளிவான கோடு. உள்ளே நுழையும் இந்தியாவுக்கும் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மலைக்கும் இடையிலான வழுக்குத் தளம் அதுதான். முதன்மை இமய உந்துப்பிளவு என்று அதைச் சொல்லலாம். புவியியலாளர்கள் மேலே தெரியும் பாறை மடிப்புகளை வைத்து ஊகித்திருந்ததை, எதிரொலி இருக்கும் இடத்திலேயே வரைந்து காட்டியது.

1994-ல் அதே குழு வடக்கே நகர்ந்தபோது எதிர்பாராத ஒன்று வந்தது. யாங்பாஜிங் பகுதிக்கு அடியில் 15 முதல் 20 கி.மீ. ஆழத்தில் சில இடங்களிலிருந்து எதிரொலி மிகப் பலமாக வந்தது. திடப்பாறையும் திடப்பாறையும் சந்திக்கும் இடம் இவ்வளவு பலமாக அலையைத் திருப்பாது. அங்கே திரவம் இருக்க வேண்டும். யாங்பாஜிங்கில் மேலே வெந்நீர் ஊற்றுகள் கொப்பளிக்கின்றன. 1970-களிலேயே அங்கே புவிவெப்ப மின்நிலையம் அமைக்கப்பட்டது. உருகிய பாறையா, உப்பு நீரா? அலைகளால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

இந்த இடத்தில் முற்றிலும் வேறொரு கருவி துணைக்கு வந்தது. மேக்னட்டோடெல்லூரிக் என்ற நீண்ட பெயர் கொண்ட முறை. சூரியனிலிருந்து வரும் துகள்களாலும் உலகெங்கும் வெட்டும் மின்னல்களாலும் பூமியின் காந்தப்புலம் ஓயாமல் அதிர்கிறது. அந்த அதிர்வு நிலத்துக்குள் மெல்லிய மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. வேகமான அதிர்வு மேலோட்டமாகவும் மெதுவான அதிர்வு ஆழமாகவும் இறங்கும். களத்தில் சிலுவை போல நான்கு பக்கமும் கம்பி நீட்டி, ஒவ்வொரு முனையிலும் உப்புநீர் கலந்த களிமண் குழைத்த குழியில் ஒரு மின்முனையைப் புதைக்கிறார்கள். நடுவே காந்தச் சுருள்களைக் காற்றில் ஆடாதபடி மண்ணுக்குள் கிடத்திவிட்டு விலகிப் போக வேண்டும். பக்கத்தில் மின்கம்பியோ, ஓடும் பம்ப்செட்டோ இருந்தால் பதிவு பாழ். உலர்ந்த கருங்கல் மின்சாரத்தைக் கடத்தவே கடத்தாது என்று சொல்லலாம். உருகிய பாறையோ, உப்பு நீர் ஊறிய பாறையோ நன்றாகக் கடத்தும்.

தெற்குத் திபெத்தின் நடு மேலோடு நன்றாகவே கடத்தியது. அதுவும் எதிரொலி பலமாக இருந்த இடங்களில் மட்டுமின்றி, பரந்த பகுதி முழுவதும். 1996-ல் டக்ளஸ் நெல்சன் தலைமையிலான இன்டெப்த் விஞ்ஞானிகள் துணிந்து சொன்னார்கள்: திபெத்தின் நடு மேலோடு ஓரளவு உருகிய நிலையில் இருக்கிறது. 2005-ல் மார்ட்டின் அன்ஸ்வொர்த் குழு, அதில் 5 முதல் 14 சதவீதம் உருகல் இருக்கலாம் என்றும், அந்த அளவே பாறை மெல்ல நகர்ந்து வழியப் போதும் என்றும் கணித்தது. பீடபூமியின் எடை மேலிருந்து அழுத்த, இளகிய பாறை தெற்கே பிதுங்கி வந்து இமயமலையின் உயர்ந்த முகடுகளாக வெளிப்பட்டது என்ற கருத்துக்கு இது வலுவூட்டியது. ஆனால் எல்லோரும் ஏற்கவில்லை. பலமான எதிரொலிக்கு உப்பு நீரே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். மலை வளர்வதற்கு உந்துப்பிளவில் பாறை அடுக்கு மேல் அடுக்காக ஏறுவதே காரணம் என்பவர்களும் இருக்கிறார்கள். மேற்கு இமயத்தின் அடியில் கிடைக்கும் படம் நடுப்பகுதியின் படத்திலிருந்து மாறுபடுகிறது. 2,400 கி.மீ. நீள மலையை ஒரே குறுக்குவெட்டு வரைந்து விளக்கிவிட முடியாது என்பதுதான் நியாயமான முடிவு. ஒரு கருவியின் விடையை மற்றொன்றோடு வைத்துப் பார்க்கப் பழகிய பிறகே இவ்வளவு நுணுக்கமாக வாதாடவாவது முடிகிறது.

ஏரியின் வேரும் இந்தச் சோதனைக்கு உள்ளானது. திபெத் முழுவதிலும் ஈர்ப்பு அளவைகள் 500 மில்லிகேல் (ஈர்ப்பை அளக்கும் அலகு) அளவுக்குக் குறைபாட்டைக் காட்டுகின்றன. ஆழமான வேர் உண்மையே. ஆனால் மலையின் முன்வரிசை தன் எடைக்குத் தேவையான வேரோடு மட்டும் நிற்கவில்லை. விறைப்பான இந்தியத் தட்டு வளைந்துகொடுத்து அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று 1980-களில் பீட்டர் மோல்னார், எலன் லியோன்-கேன் போன்றோர் ஈர்ப்புக் கணக்கிலிருந்தே காட்டினார்கள். அந்த வளைவில் விழுந்த பள்ளத்தில்தான் கங்கை சமவெளியின் வண்டல் பல கிலோமீட்டர் தடிமனுக்கு நிரம்பியிருக்கிறது.

இதெல்லாம் விஞ்ஞானிகளின் விவாதமாக மட்டும் இருந்துவிடாது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தின் கோர்க்கா பகுதியில் தொடங்கிய 7.8 அளவுள்ள நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 பேரின் உயிரைப் பறித்தது. நழுவியது, எதிரொலியில் கோடாகத் தெரிந்த அதே உந்துப்பிளவு. கிழக்கே ஏறத்தாழ 150 கி.மீ. ஓடிய பிளவு தெற்கே தரையை எட்டவில்லை. காத்மாண்டுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. ஏன் நின்றது? பிளவுத் தளம் ஒரே சரிவாக இல்லாமல் ஓரிடத்தில் ஏறக்குறையத் தட்டையாகவும் இன்னோரிடத்தில் செங்குத்தான படியாகவும் இருக்கிறது. அந்த வடிவமே முறிவைக் கட்டுப்படுத்தியது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து.

உத்தரகாண்டிலும் அப்படியொரு படி உண்டு. கட்வால் இமயத்தில் பிளவுத் தளம் சுமார் 10 கி.மீ. ஆழத்தில் தட்டையாக வந்து, பின் 20 கி.மீ. ஆழம் வரை சரிந்து இறங்குவதை 2013-ல் வெளியான நிலநடுக்க அலை ஆய்வு காட்டியது. ரூர்க்கி முதல் கங்கோத்ரி வரை ஐஐடி ரூர்க்கி விஞ்ஞானிகள் செய்த மேக்னட்டோடெல்லூரிக் அளவை, அதே வட்டாரத்தில் 10 கி.மீ.க்குக் கீழே நன்கு மின்கடத்தும் பகுதி ஒன்றைக் கண்டது. பாறை இடுக்குகளில் நீர் இருப்பதற்கான அடையாளம் அது. இந்த வட்டாரத்தில்தான் சிறு நடுக்கங்கள் ஓயாமல் நிகழ்கின்றன. 1991-ல் உத்தரகாசியும் 1999-ல் சமோலியும் குலுங்கியது இங்கேதான். இரண்டு வெவ்வேறு முறைகள் ஒரே இடத்தை விரல் வைத்துக் காட்டும்போது அதை அலட்சியம் செய்வதற்கில்லை.

1905-ல் காங்க்ரா குலுங்கியது. 1934-ல் பீகாரும் கிழக்கு நேபாளமும் குலுங்கின. இரண்டுக்கும் இடைப்பட்ட நீண்ட பகுதியில், 2015-ல் குலுங்கிய கோர்க்கா வட்டாரம் தவிர, அந்த அளவுக்குப் பெரிய நடுக்கம் நூறாண்டுக்கும் மேலாக வரவில்லை. ஆனால் ஆண்டுக்குச் சுமார் 2 செ.மீ. வீதம் இந்தியா அங்கேயும் உள்ளே நுழைந்துகொண்டுதான் இருக்கிறது. அந்த நெருக்கம் எங்கே சேர்கிறது, பிளவின் படி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கிராமம் கிராமமாகத் தெரிந்தாக வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் 11 நாடுகள் சேர்ந்து 600-க்கும் மேற்பட்ட நிலையங்களைச் சராசரியாக 50 கி.மீ. இடைவெளியில் அமைத்து, பதிவுகளைப் பகிர்ந்துகொண்டன. இமயமலையில் பெரும்பாலான ஆய்வுகள் ஓராண்டு, ஈராண்டுக்கு வைக்கப்பட்ட ஒற்றை வரிசைகள். பல வரிசைகள் நாட்டு எல்லையோடு நின்றுவிடுகின்றன. இந்தியா, நேபாளம், பூட்டான், சீனா நான்கும் தங்கள் நிலையங்களை நிரந்தரமாக்கி, பதிவுகளை ஒரே தொகுப்பில் சேர்க்க வேண்டும். மலைக்கு அடியில் ஓடும் பிளவு ஒன்றே.